ஒரு மணி இருபது நிமிடத்தில் சென்னை

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் தாய்மாமா, மாலையில் குழித்துறையில் ரயிலேறி, சோற்றுப் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, கீழ் பெர்த்தில் நிம்மதியாக உறங்கி, விடிந்ததும் எழும்பூரில் இறங்குவதையே சென்னைப் பயணம் என்று நம்பியிருப்பவர். அவரைப் பங்குனி மாதத்தில் விமானத்தில் அழைத்துச் செல்ல ஆசைப்பட்டது என் குற்றம்.

ரயில் நாகர்கோவில், மதுரை, திருச்சி என்று வளைந்து சுமார் 750 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும், திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 615 கிலோமீட்டர்தான் என்றும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது முதல் இறங்கியபின் நிறுத்துமிடத்துக்கு வருவது வரை எல்லாம் சேர்த்தே ஒரு மணி இருபது நிமிடம்தான் ஆகும் என்றும் விளக்கினேன். வானத்தில் தடங்கலே கிடையாது என்றும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லித் தொலைத்தேன். மாமா மறுபேச்சின்றி வட்டிக்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.

பிற்பகல் 2.30 மணிக்கு மட்டிப்பழத் தாரோடு காரில் ஏறினோம். களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக 40 கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். ஆனால் திருவனந்தபுரத்துக்குள் நுழைந்ததும் போலீஸார் எங்களை ஊரைச் சுற்ற வைத்தார்கள். பத்மநாபசுவாமிக்கு அன்று ஆறாட்டு, அதாவது சுவாமியைக் கடலில் நீராட்டும் திருவிழா. பங்குனியிலும் ஐப்பசியிலும் சுவாமி சங்குமுகம் கடலுக்கு எழுந்தருளும் வழி ஓடுபாதையின் குறுக்கே செல்வதால், அந்த மாலைகளில் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. விமான நிலையம் வந்தது 1932இல்; ஊர்வலமோ அதற்கு வெகுகாலம் முந்தியது.

மாலை 6 மணி விமானம் இரவு 9.40க்கு மாற்றப்பட்டிருந்தது. அந்தக் குறுஞ்செய்தி இரண்டு வாரங்களுக்கு முன்பே வந்திருந்தும், கடன் தருவதாக வரும் செய்திகளோடு சேர்த்து அதையும் நான் படிக்காமலே தள்ளியிருந்தேன்.

"ஆறாட்டுன்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?" என்றேன்.

"தெரியும் மக்கா. வானத்துல தடங்கலே கிடையாதுன்னு நீ சொன்னியே, வேற ஏதோ வழி வச்சிருக்கேன்னு நெனச்சேன்."

யானையும் வாளேந்திய அரச குடும்பத்தவரும் வருவதைச் சங்குமுகத்தில் மாமா பக்தியோடு தரிசித்தார். நான் பழத்தாரைத் தோளில் சுமந்து நின்றேன்; கனிந்த பழங்கள் நான்கு காம்பிலிருந்து கழன்று என் சட்டையில் விழுந்தன.

விமானம் சொன்னபடி 11 மணிக்குச் சென்னையில் நின்றது. பெட்டிக்கும் வாடகைக் காருக்கும் காத்திருந்து தாம்பரத்தில் மாமாவின் மகள் வீட்டுக் கதவைத் தட்டியபோது இரவு 12.30. தூக்கக் கலக்கத்திலும் மாமா விளக்கைப் போடச் சொல்லி நோட்டைத் திறந்தார். "விமானத்தில் 1 மணி 20 நிமிடம். வெளியில் 8 மணி 40 நிமிடம். உறக்கம் இல்லை" என்று எழுதி, அதன் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.