ஓல்ட் ஏர்போர்ட் எடை மேடை

1999ல் ஒரு சரக்கு ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆபீஸ் மீனம்பாக்கத்தில். ஆட்டோக்காரரிடம் வெறுமனே ‘ஏர்போர்ட்’ என்றால் நேராகத் திரிசூலத்தில் இறக்கிவிட்டுவிடுவார். ‘ஓல்ட் ஏர்போர்ட்’ என்று சொல்ல வேண்டும். 1954ல் கட்டிய பழைய டெர்மினல் பக்கம் அது. 1980களில் திரிசூலம் பக்கம் புது டெர்மினல்கள் எழும்பி, பயணிகள் அங்கே போய்விட, இந்த இடம் கார்கோவுக்கு என்று ஆகிவிட்டது. அவர்கள் காலி செய்த வீட்டில் நாங்கள் குடியேறியிருக்கிறோம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரமே ஒரு கூத்து. துபாய்க்கு முருங்கைக்காய், பத்துப் பெட்டி. எடை மேடையில் 140 கிலோ காட்டியது. அதையே ஏர்வே பில்லில், அதாவது விமானச் சரக்கு ரசீதில், எழுதிவிட்டேன். பெட்டி ஒவ்வொன்றும் 100 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 30 உயரம். மூன்றையும் பெருக்கி 6000ஆல் வகுத்தால் பெட்டிக்கு 20 கிலோ, மொத்தம் 200. நிஜ எடை, இந்தக் கணக்கு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். 60 கிலோ வித்தியாசத்தை முதலாளி என் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னார். பிடிக்கவும் செய்தார்.

லோடர்களின் மேஸ்திரிதான் இன்ச் டேப்பை என் கையில் வைத்து அழுத்தினார். “தம்பி, ப்ளேன்ல எடத்துக்கும் துட்டு. மொதல்ல அளந்துடு, அப்புறம் எடை போடு.”

மேஸ்திரி பல்லாவரத்துக்காரர். அவருக்குச் சொல்லலாமே என்றுதான் இந்தப் பக்கத்துப் பழைய விமானக் கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1910ல், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் தானே ஒரு விமானத்தை வடிவமைத்து, அதை சிம்ப்சன் கம்பெனியில் செய்து வாங்கி, பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்திருக்கிறார். ரைட் சகோதரர்கள் பறந்து முழுசாக ஏழு வருஷம்கூட ஆகாத நேரம். அப்புறம் தீவுத்திடலில் ஜனங்களுக்கு டிக்கெட் போட்டுப் பறந்து காட்டினாராம். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்ட மேஸ்திரி, “ஓட்டல்காரரு இல்ல, சும்மா காட்டுவாரா?” என்றார். தன் ஊரில் நடந்த முதல் பறத்தலைவிட அந்த டிக்கெட்தான் அவருக்குப் பிடித்திருந்தது.

1930ல் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் வந்தது. ஆனால் என்னை உட்கார வைத்தது 1932 அக்டோபர் 15. அன்று காலை ஜே.ஆர்.டி. டாடா ‘புஸ் மாத்’ என்ற ரக விமானத்தைக் கராச்சியிலிருந்து ஓட்டிக்கொண்டு கிளம்பினார். ஒற்றை எஞ்சின், சின்ன விமானம். அகமதாபாத்தில் இறங்கினார். பெட்ரோல் அங்கே மாட்டு வண்டியில் டின் டின்னாக வந்தது. ஊற்றிக்கொண்டு பம்பாய் ஜுஹூவுக்குப் போனார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் ஓட்டினார். பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். டாடாவின் விமான சேவை தொடங்கியது இப்படித்தான், பின்னால் ஏர் இந்தியா ஆனதும் அதுதான். அந்த முதல் நாள் அது சுமந்து வந்தது தபால் மூட்டை, வேறொன்றும் இல்லை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அப்படியானால் மெட்ராஸுக்கு வந்த அந்த விமானமே எங்கள் ஆள்தானே! சூட்கேஸும் மாலையும் பின்னால் வந்தவை. யார் வீட்டில் யார் குடியேறினார்கள்?

அந்தக் காலத்து மெட்ராஸ் எங்கள் லேபிளில் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர் 1996லேயே சென்னை ஆகிவிட்டது. ஆனால் பெட்டி மேல் நான் ஒட்டியது எம்.ஏ.ஏ. என்ற மெட்ராஸ் குறியீடுதான். இன்றைக்கும் அதேதான். புதுப் பையன்கள் சிலர் அதற்கு ‘அம்மா’ என்று வேறு அர்த்தம் சொல்வார்கள். சரி, இருக்கட்டும்.

மறுநாள் மேஸ்திரியிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: “கராச்சிலருந்து எவ்ளோ கிலோ வந்துச்சாம்?”

“25 கிலோ சுமாருக்கு.”

“அவ்ளோதானா? ரெண்டு முருங்கக்கா பொட்டிகூட இல்லியே.” கொஞ்சம் யோசித்தார். “அளந்து பாத்தாங்களாமா, இல்ல ஒன்னாட்டம் வெறும் எடை போட்டு அனுப்பிட்டாங்களா?”