பட்டைக்குப் பதில் இலை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வார்விக் சந்திப்பில், கட்டிப் பாதியில் விட்ட மேம்பாலத்தின் மேலேயே மூலிகைச் சந்தை நடக்கிறது. விற்பவர்கள் பெரும்பாலும் ஜூலு பெண்கள். வேலைக்காக இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சனிக்கிழமை ஆனால் என் கால் அங்கேதான் போகும்.

நான் அடிக்கடி வாங்குவது 'இசிபஹா' என்ற மரத்தின் பட்டை. துளி வாயில் போட்டால் திப்பிலி கடித்த மாதிரி தொண்டைவரை காரம். சளி, இருமலுக்குக் கொடுப்பார்கள். ஆனால் சுற்றிவரப் பட்டையை உரித்துவிட்டால் இலையில் உண்டாகும் சத்து வேருக்கு இறங்க வழியில்லை, மரம் பட்டுவிடும். காட்டு இஞ்சியின் கதி இன்னும் மோசம். கிழங்கைத் தோண்டித் தோண்டியே குவாசுலு-நட்டால் மாகாணக் காடுகளில் அது அற்றுப்போய்விட்டது.

ஊரில் நண்பர்களிடம் இதைச் சொன்னால் உடனே, "வைத்தியர்கள் சொல்வதை எல்லாம் எழுதி வைக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். எழுதியது யார் கைக்குப் போகும் என்ற பயம் இங்கே உண்டு, பயத்துக்குக் காரணமும் உண்டு. ஜெரேனியம் வகைச் செடி ஒன்றின் வேர்ச்சாற்றுக்கு ஜெர்மன் நிறுவனம் ஒன்று வாங்கிய ஐரோப்பியக் காப்புரிமை, ஈஸ்டர்ன் கேப்பின் ஆலிஸ் ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடிய பிறகே 2010இல் ரத்தானது. அதோடு, செடியே இல்லாமல் போன பிறகு குறிப்பை வைத்துக்கொண்டு சீடனுக்கு எதைக் காட்டுவது?

அதனால் எனக்குப் பிடித்தது சில்வர்க்ளென் நாற்றங்கால். நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பக்கம், மாநகராட்சி நடத்துவது. அருகிவரும் மூலிகைகளைப் பதியம் போட்டு வளர்க்கிறார்கள், வளர்க்கும் விதத்தை வைத்தியர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். தொட்டியில் வளர்ந்ததற்குச் சக்தி கிடையாது என்று ஒதுக்கும் வைத்தியர்களும் உண்டு. அதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. காட்டில் மூதாதையரிடம் அனுமதி கேட்டுப் பறிப்பதும் அவர்கள் படிப்பில் ஒரு பாடம்.

இசிபஹா இலையிலும் அதே காரச் சத்து இருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இலை பறித்தால் மரம் சாகாது. எனக்குப் பழக்கமான 'இன்யாங்கா' (மூலிகை வைத்தியர்) பெரியவர் ஒருவர், இப்போது சீடர்களுக்கு இலையைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறார். "வாங்குகிறவர்கள் பட்டைதானே கேட்பார்கள், பாபா?" என்றேன்.

"இடித்துத் தூளாக்கிக் கொடுத்தால் கேட்கமாட்டார்கள்" என்றார்.