வலக்கை லீவரில் எண்ணெய்

ஜூன் 1, 2025, ஞாயிறு

காலையில் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை சைக்கிள் மிதித்துத் திரும்பி வந்து கையுறையைக் கழற்றியபோது, வலக்கை நடுவிரல் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. செயினைத் தொட்ட நினைவு இல்லை. பிரேக் லீவரைக் குனிந்து பார்த்தேன். அது அசையும் மூட்டுக்கு அடியில், விரைவுச் சாலையின் தூசியும் எண்ணெயும் குழைந்து கறுப்பு மை போல ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டுப் பத்து முறை அழுத்தினேன். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அதே இடத்தில் மீண்டும் ஈரம் கண்டது.

கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில், முன் பிரேக்கில் சந்தேகத்தை வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. நாளையிலிருந்து வேலைக்குப் பேருந்துதான்.

ஜூன் 3, செவ்வாய்

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய் எங்கே தெரிகிறதோ அங்கேதான் கசிகிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஹோஸ் நட்டில் கசிந்தாலும், ஏர் எடுக்கும் திருகின் ஓ-ரிங்கில் கசிந்தாலும், எண்ணெய் உலோகத்தின் மேல் ஊர்ந்து கடைசியில் லீவரின் மூட்டில்தான் வந்து சேரும். ஆகவே இன்றிரவு முழு லீவரையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கொண்டு துடைத்துக் காயவைத்தேன். ஹோஸ் நட்டைச் சுற்றி ஒன்று, திருகின் தலையில் ஒன்று, மூட்டுக்குள் பிஸ்டனைத் தள்ளும் கம்பியின் அடியில் ஒன்று என மூன்று இடங்களில் டிஷ்யூ காகிதத் துண்டுகளைச் சுற்றினேன். பிறகு லீவரை இறுக அழுத்தி, பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் படுக்கப் போனேன்.

ஜூன் 4, புதன்

காலை ஐந்தரைக்குப் பார்த்தபோது ஹோஸ் நட்டின் காகிதமும் திருகின் காகிதமும் மொறமொறவென்று உலர்ந்திருந்தன. கம்பிக்கு அடியில் வைத்த காகிதம் மட்டும் பாதி நனைந்து, கண்ணாடித்தாள் போல ஒளி ஊடுருவும்படி ஆகியிருந்தது. இரவு முழுவதும் கட்டிவைத்தும் லீவர் கைப்பிடியை நோக்கி ஒரு மில்லிமீட்டர்கூடச் சரியவில்லை என்பதும் ஒரு செய்திதான்.

லீவருக்குள் இருக்கும் பிஸ்டனில் இரண்டு ரப்பர் சீல்கள் உண்டு. முன்சீல் எண்ணெயை அழுத்தி ஹோஸ் வழியாக, சக்கரத்தின் டிஸ்க்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு அனுப்புகிறது. பின்சீல், மேல்தொட்டியில் இருக்கும் எண்ணெய் வெளியே வழியாமல் காக்கிறது. முன்சீல் கெட்டிருந்தால் கட்டிய லீவர் மெல்ல இறங்கியிருக்கும். அது இறங்காமல் எண்ணெய் மட்டும் வெளியே வந்ததால், கெட்டது பின்சீல். அழுத்தம் சரியாக இருக்கிறதே என்று இதை நம்பி ஓட்டுகிறவர்கள் உண்டு. தொட்டி வற்றும் வரைதான் அந்த அழுத்தம். வற்றியதும் காற்று உள்ளே போய், லீவர் ஒரே நாளில் கைப்பிடியைத் தொட்டுவிடும்.

ஜூன் 5, வியாழன்

சீல் ஏன் கெட்டது என்ற கேள்வி நேற்றெல்லாம் மனத்தை விட்டு அகலவில்லை. சைக்கிள் வாங்கி மூன்று ஆண்டுதான் ஆகிறது. கடந்த மாதம் வெயில் உச்சத்தில் இருந்தபோது, மதியம் வெளியே நிறுத்திவிட்டு எடுத்தால் முன்சக்கரம் இழுத்துப் பிடித்ததும், லீவரை விட்டபின் அது சோம்பலாகத் திரும்பியதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தன. ரப்பர் ஊதியிருந்தால் இரண்டும் நடக்கும். லீவரை விட்டதும் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்கினால்தான் தொட்டிக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள சிறு துளை திறக்கும்; திறக்காவிட்டால், சூட்டில் விரியும் எண்ணெய்க்குத் திரும்பிப் போக வழியில்லை, அது பேடைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஊதவைத்தது எது என்று அறிய, மாலையில் தொட்டியின் மூடியைக் கழற்றி, அடியிலிருந்து சிறிது எண்ணெயைச் சிரிஞ்சில் எடுத்து, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். சொட்டு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி மேலே வட்டமாக மிதந்தது. மறுபாதி சர்க்கரைப் பாகு போல நூலாக நெளிந்து கீழே இறங்கி, தண்ணீரோடு கரைந்தே போயிற்று. பின்பிரேக்கிலிருந்து எடுத்த சொட்டு முழுவதும் மிதந்தது. இந்த பிரேக்குக்கு உரிய மினரல் ஆயில் தண்ணீரில் கரையாது. மோட்டார் பைக்குக்கு ஊற்றும் டாட் வகைத் திரவம் கிளைக்கால் சேர்ந்தது, அது தண்ணீரில் கரையும்.

சென்ற ஆண்டு சர்வீஸுக்கு விட்ட இடத்தில் முன்பிரேக்கில் ஆயில் குறைந்திருந்தது, நிரப்பிவிட்டோம் என்றார்கள். கையில் இருந்த பைக் பிரேக் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். தொட்டி மூடியின் மேல் மினரல் ஆயில் மட்டும் என்று பொறித்திருப்பதை, அழுக்கைச் சுரண்டிய பிறகு இன்று நானும் படித்தேன். வண்டியை விடும்போதே இதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகள் மினரல் ஆயிலில் இயங்குபவை. எஸ்ராம் நெடுங்காலமாக டாட் திரவத்தைப் பயன்படுத்தியது. ஒன்றுக்கென்று செய்த ரப்பர் மற்றதில் ஊறினால் கெட்டுப்போகும்.

ஜூன் 7, சனி

பக்ரீத். சைக்கிள் பழுது பார்க்கும் பாயின் கடை இன்று திறக்காது என்பதால், வீட்டிலேயே லீவரைக் கழற்றிப் பிரித்தேன். பிஸ்டன் தானாக வழுக்கி வர வேண்டும். இதையோ தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பின்சீலின் உதடு அலையலையாகச் சுருங்கி, ஓரிடத்தில் அரிசி முனை அளவுக்குப் பிய்ந்திருந்தது. நகத்தால் அழுத்தினால், புது ரப்பரின் விறைப்பு இல்லாமல், ஊறிய புளியங்கொட்டைத் தோல் போல நெகிழ்ந்தது.

ஜூன் 9, திங்கள்

வேலை முடிந்து பழைய வண்ணாரப்பேட்டையில் பாயின் கடைக்குப் போனேன். நாற்பது ஆண்டாகச் சைக்கிள் பார்க்கிறவர். சீலை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

“பைக் மாஸ்டர் சிலிண்டர் கிட்டுல இந்த சைஸ் இருக்கும் தம்பி, போட்டுப் பாக்கலாமா?”

“அது டாட் ஆயிலுக்கான ரப்பர் பாய். மினரல் ஆயில்ல அதுவும் ஊதிடும்.”

சற்று யோசித்தவர், “அப்ப காலிப்பர் சீலும் இதே ஆயில்ல ஊறினதுதானே?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. கலப்புத் திரவம் ஹோஸ் வழியாகக் காலிப்பர் வரை போயிருக்கிறது. லீவரை மட்டும் மாற்றினால் அடுத்த கசிவு பேடின் மேல் விழும், அது இதைவிட மோசம். இந்த வகை லீவருக்குச் சீலைத் தனியாக விற்பதும் இல்லை. லீவர், ஹோஸ், காலிப்பர் மூன்றும் சேர்ந்த முன்பிரேக் செட்டையே வாங்குவது என்று முடிவாயிற்று. சீல் ஒன்றுக்காக இவ்வளவையும் மாற்ற மனம் வரவில்லைதான். ஆனால் இதில் மிச்சம் பிடிக்க இடமில்லை.

ஜூன் 14, சனி

செட் வந்துவிட்டது. பாயின் கடையிலேயே உட்கார்ந்து இருவரும் மாட்டினோம். புது ஹோஸ் ஒரு சாண் நீளம் அதிகம். கூரிய பிளேடால் நேர்குத்தாக வெட்டி, ஹோஸின் முனைக்குள் செருகும் சிறு குழாயான புதிய உள்ளூசியை அடித்து இறக்கி, பித்தளை வளையத்தைக் கோத்து, எட்டாம் நம்பர் ஸ்பேனரால் நட்டை முடுக்கினோம். பெட்டியில் இருந்த தாளில் 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தது. அதற்கு மேல் இறுக்கினால் வளையம் நசுங்கிவிடும்.

பேடுகளை எடுத்துவிட்டு, காலிப்பர் பிஸ்டன்களுக்கு இடையே பிளாஸ்டிக் கட்டையைச் செருகினோம். ஸ்டான்லி மருத்துவமனைக்கு எதிரே மருந்துக் கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சில் மினரல் ஆயிலை நிரப்பி, காலிப்பரிலிருந்து மேல்நோக்கித் தள்ளினோம்; லீவரில் பொருத்திய புனலில் குமிழ்கள் வந்து வெடித்தன. பாய் ஸ்குரூ டிரைவரின் பிடியால் ஹோஸைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் கடுகு அளவில் ஒரு குமிழாவது ஏறியது. ஹேண்டில்பாரைச் சாய்த்த பிறகு கடைசியாக ஒரு பெரிய குமிழ் வந்தது. அதோடு லீவர் கல்லாகிவிட்டது. டிஸ்க்கை ஆல்கஹாலால் இரண்டு முறை துடைத்தேன். பழைய பேடுகளை மறுபடி பயன்படுத்தத் துணியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

லாரிகள் குறைவாக இருக்கும் விடியற்காலையில், திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டிய உள்தெருவில் புது பேடுகளைப் பழக்கினேன். வேகம் எடுத்து, நிற்காமல் நடைவேகம் வரை குறைத்து, மீண்டும் வேகம் எடுத்து என்று இருபது தடவை. முதல் நாலைந்து முறை வழுக்கலாகத்தான் பிடித்தது. பத்துக்கு மேல் ஒரே சீராகப் பிடித்தது.

வீட்டுக்கு வந்ததும் தள்ளுகம்பியின் அடியில் புதுக் காகிதத் துண்டு ஒன்றைச் சுற்றி, லீவரைக் கட்டி வைத்தேன். இரவு ஒன்பதரைக்கு எடுத்துப் பார்த்தபோது அது உலர்ந்தே இருந்தது. தொட்டி மூடியின் மேல் ‘மினரல் ஆயில்’ என்று வெள்ளை பெயின்டில் பெரிதாக எழுதிவிட்டேன்.