கான்வாயிலிருந்து டேங்கருக்கு
காஷ்மீரிலிருந்து லடாக் செல்லும் சோஜி லா மலைக்கணவாயில் ராணுவ கான்வாயில் ஸ்டாலியன் லாரி ஓட்டிய எனக்கு, கடலூர் திரும்பியபின் டேங்கர் ஓட்டுவது பெரிய காரியமாக இராது என்றே நினைத்தேன். ஆனால் சிப்காட் ஆலைகளுக்கு அமிலம் ஏற்றிச் செல்ல, கனரக வாகன உரிமம் மட்டும் போதாது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9ஆம் விதிப்படி 3 நாள் பயிற்சியும் பெற வேண்டும். அதை வெறும் சடங்காக எண்ணுவது பெருந்தவறு. பாதி நிரம்பிய டேங்கரில் பிரேக் பிடித்ததும் திரவம் முன்னே மோதி வண்டியையே தள்ளுவதை, முதல் வாரத்தில் ஆல்பேட்டை அருகே நானே உணர்ந்தேன். ராணுவத்தில் ஏற்றிய அரிசி மூட்டைகள் அப்படி ஒருபோதும் அசைந்ததில்லை. பழைய பழக்கம் ஒன்று மட்டும் மாறவில்லை: விடியற்காலையில் சக்கர நட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த பிறகே சாவியைத் திருப்புகிறேன்.