ஜூன் பிறப்பதற்குள்

எங்கள் படகின் காப்பீட்டுப் பத்திரத்தில் ஒரே ஒரு வரி மட்டும் எனக்கும் என் கணவருக்கும் மனப்பாடம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரையிலான புயல் பருவத்தில் படகு வட அட்சரேகை 12 டிகிரி 40 நிமிடத்துக்குத் தெற்கே இருக்க வேண்டும். அதற்கு வடக்கே புயலில் சிக்கினால் சல்லிக்காசு கிடைக்காது. கரீபியனில் பாய்மரப் படகு வைத்திருக்கும் பலருடைய ஆண்டு இப்படி ஒரு கோட்டை வைத்துத்தான் சுற்றுகிறது. குளிர்காலம் முழுவதும் வடக்கே திரிவது, மே மாதத்தில் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே இறங்குவது.

2025 ஏப்ரல் கடைசியில் மார்த்தினிக் தீவின் லெ மரான் துறையிலிருந்து கிளம்பினோம். கிளம்பும் முன் சந்தையில் இரண்டு பொட்டலம் 'கொலொம்போ' பொடி வாங்கினேன். மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம். 1853 முதல் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் அந்தத் தீவுக்குக் கொடுத்த மசாலா. பெயர் கொழும்பிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு, குழம்பிலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. முகர்ந்து பார்த்தால் எனக்குச் சந்தேகமே வருவதில்லை. காரம்தான் போதாது.

செயின்ட் லூசியாவின் பிட்டோன் மலைகளைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். கடலிலிருந்து செங்குத்தாக எழும் இரண்டு கூம்புகள், அடிவாரத்தில் ஒரு மிதவையில் படகைக் கட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அது போதும். எனக்குச் சொல்ல ஆசை, தீவுகளுக்கு இடையிலுள்ள கால்வாய்களைப் பற்றி. தீவின் மேற்கு மறைவில் காற்றே இருக்காது. இன்ஜினைப் போட்டுக்கொண்டு மாட்டுவண்டி போல ஊர்ந்து போவோம். தென்முனையைத் தாண்டிய அடுத்த நிமிடம், ஆப்பிரிக்காவிலிருந்து தடையே இல்லாமல் வந்த அலை இடது பக்கத்தில் அறையும். காரைக்காலில் என் தாத்தா கீழைக்காற்றைக் கொண்டல் என்பார். இங்கே மாதக்கணக்கில் அடிப்பது அந்தக் கொண்டல்தான். முனை வருவதற்கு முன்பே பாயைச் சுருக்கிவிட வேண்டும். ஆண்டுதோறும் இதை மறந்துவிட்டு, ஆண்டுதோறும் பாயோடு மல்லுக்கட்டுகிறோம். இந்த முறை அடுப்பிலிருந்து குக்கர் பறந்து என் கணவரின் படுக்கையில் போய் விழுந்தது. உள்ளே சாதம் இருந்தது.

பெக்குவாய் தீவில் மூன்று நாள் இருந்தோம். கணவர் முழுநேரமும் நீருக்குள் மூழ்கி, படகின் அடிவயிற்றில் ஒட்டியிருந்த கொட்டலசுகளைச் சுரண்டினார். பிறகு டொபேகோ கேஸ். ஆளில்லாத குட்டித் தீவுகள் ஐந்து. அவற்றில் நான்குக்குக் கிழக்கே குதிரை லாட வடிவில் ஒரு பவளப் பார், அதாவது பவளப் பாறைத் திட்டு. பாருக்குப் பின்னால் மணலில் நங்கூரம் போட்டால் அலை நின்றுவிடுகிறது, காற்று மட்டும் நிற்பதில்லை. முன்னால் கரையே கிடையாது, வெறும் அட்லாண்டிக். பகலில் ஆமைகள் கடற்புல் மேய்வதைப் பார்த்து மயங்கி, சங்கிலியைத் தாராளமாக விடாமல் தூங்கப் போனோம். இரவு இரண்டு மணிக்கு நங்கூரம் உழுதுகொண்டே நகர்ந்து, பின்னாலிருந்த பிரெஞ்சுக்காரரின் படகுக்குப் பத்தடி தூரம் வரை கொண்டுபோய் விட்டது. அவர் உள்ளாடையோடு வந்து நின்று திட்டினார். நியாயமான திட்டு. எனக்குப் பிரெஞ்சு நன்றாகப் புரியும் என்பது அன்று ஒரு சாபம்.

காப்பீட்டுக் கோடு கனுவான் தீவுக்கும் டொபேகோ கேஸுக்கும் நடுவே போகிறது. அதாவது அந்த அகால வேளையிலும் காகிதப்படி நாங்கள் பத்திரமான பக்கத்தில்தான் இருந்தோம்.

அந்தக் கோட்டுக்குத் தெற்கேதான் யூனியன் தீவும் காரியக்கோவும் இருக்கின்றன. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் நான்காம் வகைச் சூறாவளியாகக் காரியக்கோவில் கரையேறியது. 'ஜூன் ரொம்ப சீக்கிரம், ஜூலையில் தயாராய் இரு, ஆகஸ்டில் கவனம், செப்டம்பரை மறக்காதே, அக்டோபரில் எல்லாம் முடிந்தது' என்று இந்தத் தீவுகளில் ஒரு பழைய சொலவடை உண்டு. பெரில் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நாங்கள் காரியக்கோவின் டைரல் விரிகுடாவில் நுழைந்தபோது பத்து மாதம் கழிந்திருந்தது. மலைச்சரிவில் புதுத் தகரக் கூரைகளுக்கு நடுவே நீலத் தார்ப்பாய்கள். புயலுக்கு ஒளிந்துகொள்ள ஏற்ற இடம் என்று தலைமுறையாகச் சொல்லப்பட்ட அலையாத்திக் காட்டுக்குள் ஓடிய படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நொறுங்கிப்போயின. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருவரும் பேசாமல் தேநீர் குடித்தோம்.

கிரெனடாவின் கதையும் இதுதான். 1955இல் ஜேனட் புயல் வந்துபோன பிறகு, புயல் எட்டாத தீவு என்றே அதை எண்ணியிருந்தார்கள். 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் வந்து வீடுகளில் பெரும்பாலானவற்றைச் சிதைத்தது. ஜாதிக்காய் மரங்களையும் சாய்த்தது. தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் வைத்திருக்கும் நாட்டுக்கு அது எப்படிப்பட்ட அடி!

கிரெனடாவின் தென்கரையில் ஒரு படகுத்துறையில் படகைக் கரையேற்றினோம். சக்கரம் வைத்த பெரிய தூக்கி, இரண்டு பட்டைகளில் ஏழு டன் படகைத் தொட்டில் போலத் தூக்கிக்கொண்டு நடக்கும். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, கடைக்குப் போய்விட்டேன். பிறகு ஐந்து நாள் வேலை. விடியலில் காற்று எழுவதற்குள் பாய்களை இறக்கி மடிப்பது. இன்ஜினுக்குள் இருக்கும் உப்புநீரை நன்னீரால் கழுவுவது. டீசல் தொட்டியை விளிம்பு வரை நிரப்புவது; காலி இடம் இருந்தால் உள்ளே ஈரம் வேர்த்துத் தண்ணீர் சேரும். பூஞ்சை பிடிக்காமலிருக்க எல்லாப் பலகையையும் வினிகரால் துடைப்பது. வெளியே 33 டிகிரி, உள்ளே அதைவிடக் கொடுமை. சூரியத் தகடுகளைக் கழற்றி, இரும்புத் தாங்கிகளைச் சங்கிலியால் பிணைத்து, கடைசியில் படகை நான்கு பட்டைகளால் தரையோடு இறுக்கிக் கட்டினார்கள்.

கட்டிய தொழிலாளியிடம் மிச்சமிருந்த அரிசி, பருப்பு, கொலொம்போ பொடி எல்லாவற்றையும் கொடுத்தேன். அவருடைய தாயார் காரியக்கோவில் இருக்கிறார். கூரை போட்டாயிற்றா என்று கேட்டேன். "பாதி போட்டாயிற்று, மேடம்" என்றார். அவர் பட்டையை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த படகுக்குப் போனார். மறுநாள் நாங்கள் விமானம் ஏறினோம்.

இப்போது பாரிஸில் காபி போடுவதற்கு முன்பே அமெரிக்கப் புயல் மையத்தின் வரைபடத்தைத் திறந்துவிடுகிறேன். இன்று ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் மஞ்சள் நிறத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது; அங்கே ஒரு புயல் உருவாகலாம் என்று அர்த்தம். பல் துலக்கிக்கொண்டிருந்த கணவர் தலையை மட்டும் நீட்டி, "எத்தனை டிகிரி?" என்று கேட்கிறார்.