மாஸ்கோ, ஆகஸ்ட் 1991

18, ஞாயிறு
செவ்வாய்க்கிழமை சோவியத் குடியரசுகளுக்கிடையேயான புதிய யூனியன் ஒப்பந்தத்தில் கையெழுத்து. நல்லபடியாக முடியட்டும்.

19, திங்கள்
காலையிலிருந்து ரேடியோவில் ஒரே அறிக்கைதான். ஜனாதிபதி கோர்பச்சேவுக்கு உடல்நலமில்லையாம், துணை ஜனாதிபதி யனாயெவ் பொறுப்பேற்கிறாராம். டிவியைப் போட்டால் பாலே நடனம். நான் நம்பவில்லை. மாலைப் பேட்டியில் யனாயெவின் கைகள் நடுங்கின, கேமரா அவற்றையே காட்டியது. அவரோடு சேர்ந்து ஆட்சியைப் பிடித்த உளவு அமைப்பான கேஜிபியின் தலைவர் கிரியுச்கோவ், பாதுகாப்பு அமைச்சர் யாசொவ், உள்துறை அமைச்சர் பூகோ, பிரதமர் பாவ்லொவ் எல்லாரும் கோர்பச்சேவே பதவியில் உட்காரவைத்தவர்கள். யனாயெவைப் போன டிசம்பரில் மக்கள் பிரதிநிதிகள் காங்கிரஸ் முதல் வாக்கெடுப்பில் தள்ளிவிட்டது. பிடிவாதமாக மறுபடி நிறுத்தி ஜெயிக்கவைத்தது கோர்பச்சேவ்தான். அதற்குச் சில நாள் முன்புதான் வெளியுறவு அமைச்சர் ஷெவர்த்நாத்சே, சர்வாதிகாரம் வருகிறது என்று எச்சரித்துவிட்டு ராஜினாமா செய்தார். கேட்டாரா மனுஷன்?

20
மழை. ரஷ்ய நாடாளுமன்றக் கட்டடமான வெள்ளை மாளிகையைச் சுற்றி டிராலி பஸ்களைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார்கள். டாங்கி மேல் உட்கார்ந்திருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஒரு பாட்டி பையிலிருந்து ரொட்டியை எடுத்து நீட்டி, "யாரைச் சுட வந்தாய் கண்ணு?" என்றாள். பதில் சொல்லாமல் வாங்கிக்கொண்டான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

பக்கத்து அறை அம்மாவின் மகனும் பட்டாளத்தில்தான். எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

21
ராத்திரி சுரங்கப்பாதையில், கவச வண்டிகளுக்கு முன்னால், மூன்று இளைஞர்கள் செத்துப்போனார்கள். அந்த அம்மா தூங்கவே இல்லை.

22
கோர்பச்சேவ் வந்துவிட்டார்! விமானப் படிக்கட்டில் சாதாரண ஜாக்கெட்டோடு, முகம் வாடி. அழுதுவிட்டேன்.

அப்புறம் பேட்டியைப் பார்த்தேன். கம்யூனிஸ்ட் கட்சியை இன்னமும் சீர்திருத்த முடியும் என்கிறார். எந்தக் கட்சியை? நீங்கள் கிரிமியாவில் அடைபட்டுக் கிடந்தபோது மத்தியக் குழு உங்களுக்காக வாய் திறந்ததா? ஆறு வருடமாக இந்தக் கட்சியை இழுத்துக்கொண்டே ஓடினீர்களே, போதாதா?

கேஜிபி தலைமையகம் இருக்கும் லூபியங்காவில், சோவியத் ரகசியப் போலீஸைத் தொடங்கிய ஜெர்ஜின்ஸ்கியின் சிலையைக் கிரேன் வைத்து இறக்கிவிட்டார்கள்.

23
ரஷ்ய நாடாளுமன்றத்தில் ரஷ்யக் குடியரசின் ஜனாதிபதி யெல்ட்சின் கோர்பச்சேவிடம் ஒரு காகிதத்தை நீட்டிப் படிக்கச் சொல்கிறார். 19ஆம் தேதி அமைச்சரவைக் கூட்டக் குறிப்பு. தான் நியமித்தவர்களில் யார் யார் கைவிட்டார்கள் என்பதை அவர் தன் வாயாலேயே படிக்கவேண்டியிருந்தது. திங்கட்கிழமை யெல்ட்சின் டாங்கி மேல் ஏறியபோது கைதட்டினேன். இன்று அவரைப் பிடிக்கவில்லை.

24
மூவருக்கும் இறுதி ஊர்வலம். உக்ரைன் சுதந்திரம் அறிவித்துவிட்டது. கட்சியின் பொதுச் செயலாளர் பதவியைக் கோர்பச்சேவ் விட்டுவிட்டார். சர்க்கரைக் கூப்பனும் தீர்ந்துவிட்டது.

25, ஞாயிறு
கேஜிபிக்குப் பகாதினைக் கோர்பச்சேவ் தலைவராக்கியிருக்கிறார். போன டிசம்பரில் இதே பகாதினை உள்துறையிலிருந்து நீக்கிவிட்டுத்தான் பூகோவைக் கொண்டுவந்தார். அன்றே இவரை வைத்துக்கொண்டிருந்தால்!

பக்கத்து அறை அம்மாவுக்கு மகனிடமிருந்து கடிதம் வரவில்லை. நாளை அந்த அம்மாவோடு ராணுவ அலுவலகத்துக்குப் போகவேண்டும்.