ரெட்டிக் கவுண்ட்டைக் கேட்டு வாங்குங்கள்

ஹெரிடிட்டரி ஸ்பீரோசைட்டோசிஸ் (சிவப்பணு உருண்டையாகிச் சீக்கிரம் உடையும் பரம்பரை ரத்த நோய்) உள்ள பிள்ளையை வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தலசீமியா, சிக்கிள் செல் பிள்ளைகளின் பெற்றோரும் படியுங்கள். ஒரு வைரஸால் எலும்பு மஜ்ஜை சில நாள் வேலையை நிறுத்தி, ரத்தம் திடீரென்று சரியும் ஆபத்து அவர்களுக்கும் உண்டு. அதைக் காட்டிக்கொடுப்பது ரெட்டிக் கவுண்ட், அதாவது ரத்தத்தில் புதிதாக வந்த இளம் சிவப்பணுக்களின் அளவு.

என் மகளுக்கு எட்டு வயது. ஹீமோகுளோபின் எப்போதும் 9, 9.5 என்றுதான் இருக்கும். கண்ணில் லேசாக மஞ்சள், தினம் போலிக் ஆசிட் மாத்திரை, மற்றபடி ஓடியாடுகிற பிள்ளை. அவள் வகுப்பில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும், பிறகு கன்னம் சிவந்து தடிப்பும் வந்திருந்தது. இவளுக்கும் காய்ச்சல் வந்தது, வந்த வேகத்தில் விட்டது. தடிப்பு வரவில்லை. அதற்கப்புறம்தான் வெளுக்க ஆரம்பித்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வழக்கமாக ரத்தம் உடைந்து குறையும்போது கண் மஞ்சள் கூடும். இந்த முறை மஞ்சள் கூடவே இல்லை, உதடு மட்டும் வெளிறிக்கொண்டே போனது.

பக்கத்து கிளினிக்கில் எடுத்ததில் ஹீமோகுளோபின் 7. "ரத்தம் குறைவா இருக்கும்மா, இரும்புச்சத்து டானிக் எழுதித் தர்றேன், பேரீச்சம்பழம் கொடுங்க" என்றார் டாக்டர். ரெட்டிக் கவுண்ட் பார்க்கலாமா சார் என்று கேட்டேன். "இந்தப் பிள்ளைக்கு அது எப்பவும் கூடத்தான் இருக்கும், வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. எப்போதும் கூடுதலாக இருப்பது அன்றைக்கு இருந்ததா என்பதுதானே கேள்வி!

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது ஹீமோகுளோபின் 4.1. வழக்கமாக 10 சதவீதத்துக்குக் குறையாத ரெட்டிக், 0.2. அதைப் பார்த்ததுமே இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டரம்மா, "இது பார்வோ வைரஸ் பி19-ஆ இருக்கும், எலும்பு மஜ்ஜை கொஞ்ச நாள் வேலையை நிறுத்தியிருக்கு" என்றார். அவருக்கு என் வாழ்நாள் நன்றி.

நடப்பது இதுதான். இந்த வைரஸ் மஜ்ஜையில் சிவப்பணுவாக வளரவிருக்கும் செல்களுக்குள் புகுந்து அழிக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் புது சிவப்பணு வராது. ஆரோக்கியமான பிள்ளையின் சிவப்பணு 120 நாள் வாழும் என்பதால் அங்கே குறைவு தெரியாமலே போய்விடும். நம் பிள்ளைகளின் சிவப்பணு சீக்கிரம் உடைவது, அதனால் சில நாளிலேயே சரிந்துவிடும். 1975-இல் லண்டனில் கண்டுபிடித்த வைரஸ் இது. சிக்கிள் செல் பிள்ளைகளுக்கு வரும் இந்தச் சரிவுக்கு இதுதான் காரணம் என்று 1981-லேயே எழுதிவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் டானிக் சீட்டோடு திருப்பி அனுப்புகிறார்கள்.

அடுத்த அவதி ரத்த வங்கியில். அவள் அப்பா சாம்பிள் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். குழாயில் பெயர் இருந்தது, ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) இல்லை. கவுண்டரில் வாங்க மறுத்துவிட்டார்கள். விதி சரியானதுதான், ஆள் மாறினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் விண்ணப்பத்தில் டாக்டரின் கையெழுத்து மட்டும் இருக்கிறது, முத்திரை இல்லை என்பதை அவர் திரும்பி வந்து எண் எழுதிக்கொண்டு போன பிறகுதான் சொன்னார்கள். முதலிலேயே இரண்டையும் சொல்லியிருக்கலாம். மேலே 4.1-இல் ஒரு குழந்தை படுத்திருந்தாள். வார்டை விட்டுக் கிளம்பும் முன் குழாயில் பெயர், வயது, ஐ.பி. எண், தேதி, விண்ணப்பத்தில் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

ரத்தம் ஏற்றியதும் தெளிந்துவிட்டாள். சில நாளில் ரெட்டிக் தானாக ஏறத் தொடங்கியது.

வெளி லேபில் பார்வோ டெஸ்ட் என்றதும், "நாய்க்கா?" என்று கேட்டார்கள். நாய்க்கு வரும் பார்வோ வேறு வைரஸ், அது மனிதருக்குத் தொற்றாது. "ஹியூமன் பார்வோ வைரஸ் பி19" என்று சீட்டில் முழுதாக எழுதி வாங்குங்கள். ஆரம்பத்தில் ஐ.ஜி.எம். (தொற்றை எதிர்த்து உடல் முதலில் உருவாக்கும் எதிர்ப்பொருள்) வராமல் இருக்கலாம் என்று டாக்டரம்மா வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆரும் சேர்த்து எழுதினார். அதுதான் முதலில் பாசிட்டிவ் காட்டியது. முடிவுக்காகக் காத்திருந்தால் பிள்ளை தாங்காது, ஹீமோகுளோபினும் ரெட்டிக்கும் பிள்ளையின் நிலையும் பார்த்தாலே ரத்தம் ஏற்ற முடிவெடுக்கப் போதும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். இதே வைரஸால் கன்னம் சிவந்த பிள்ளைகள் தடிப்பு வரும் நேரத்தில் பெரும்பாலும் தொற்றுக் கட்டத்தைத் தாண்டியிருப்பார்கள். மஜ்ஜை நின்றுபோன பிள்ளைகள் அப்படியில்லை, ஆஸ்பத்திரியில் சேரும்போதுதான் வைரஸ் உச்சத்தில் இருக்கும். எங்கள் வார்டு நர்ஸ் ஒருவர் கர்ப்பமாக இருந்தார். கருவில் இருக்கும் குழந்தைக்கும் இது கடும் ரத்தசோகையைக் கொண்டு வரலாம். நான் போய்ச் சொன்ன பிறகுதான் அவரை வேறு வார்டுக்கு மாற்றி, எங்களைத் தனி அறையில் வைத்தார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

இவளுக்கு இனி இது பொதுவாகத் திரும்ப வராது. ஆனால் அவள் தம்பிக்கும் ஸ்பீரோசைட்டோசிஸ் உண்டு. வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கு ஓரிரு வாரத்தில் வரலாம் என்று சொல்லியிருந்ததால் அவனுக்கு அடிக்கடி ஹீமோகுளோபினும் ரெட்டிக்கும் எடுத்துக்கொண்டே இருந்தோம். அவனுக்கும் ரெட்டிக் விழுந்தது. இந்த முறை ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போகும் முன்பே சேர்த்துவிட்டோம், குழாயில் ஐ.பி. எண்ணை நானே சரிபார்த்தேன், கவுண்டரில் ஒரு கேள்வியும் வரவில்லை.

இப்போது இரண்டு பேரின் பைலிலும் முதல் பக்கத்தில் நோயின் பெயர், வழக்கமான ஹீமோகுளோபின், வழக்கமான ரெட்டிக், ரத்த வகை நான்கையும் டாக்டரிடம் எழுதி வாங்கி ஒட்டி வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளையின் வழக்கமான ரெட்டிக் எவ்வளவு என்று தெரியாவிட்டால், அவர்கள் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை எடுத்து வையுங்கள்.